பால் க்ளேயின் குசும்பு: பார்க்கவும் வரைந்து பழகவும் ஒரு முழுமையான வழிகாட்டி

"இதை என் பையனே வரைஞ்சுடுவான்" என்று நவீன ஓவியங்களின் முன்னால் நின்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜெர்மன் ஓவியர் பால் க்ளேயின் (1879-1940) முன்னால் நின்று அதைச் சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். 1902-ல், இத்தாலிப் பயணம் முடித்துவிட்டு பெர்ன் நகரிலுள்ள பெற்றோர் வீட்டுக்குத் திரும்பிய 22 வயதுப் பையனுக்குக் கொட்டகைக்குள் தன் சின்ன வயசுக் கிறுக்கல்கள் அகப்பட்டன. இதுவரை நான் வரைந்ததிலேயே முக்கியமானவை இவைதான் என்று பின்னாளில் மனைவியாகப்போகும் லில்லிக்குக் கடிதம் எழுதினார். 1911-ல் தன் படைப்புகளுக்கெல்லாம் ஒரு பதிவேடு போட ஆரம்பித்தபோது, மியூனிக் கலைக்கழகத்தில் முறையாகப் பயின்ற காலத்து வேலைகளில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டு, அந்தக் குழந்தைப் படங்களில் 18-ஐ முதல் பக்கங்களில் சேர்த்தார்.

கிறுக்கலைக் கொண்டாடிய அதே ஆள்தான் அதற்கு எண் போட்டு, தேதி போட்டு, எந்தத் தாள், எந்த மை என்று குறித்து வைத்தார். சாகும்வரை அந்தப் பதிவேட்டை விடவில்லை. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள். ஒரு குசும்பனும் ஒரு கணக்குப்பிள்ளையும் ஒரே சட்டைக்குள் இருந்தார்கள். குசும்பனை மட்டும் பார்த்தால் க்ளே வெறும் வேடிக்கைக்காரராகத் தெரிவார். கணக்குப்பிள்ளையை மட்டும் பார்த்தால் வடிவியல் வாத்தியாராகிவிடுவார். இரண்டு பேரையும் சேர்த்துப் பிடிப்பதற்கான வழி இது. முதல் ஆறு படிகள் பார்ப்பதற்கும் தெரிந்துகொள்வதற்கும். ஏழாவது படியிலிருந்து கை கறுப்பாகும், பழைய சட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரே ஒரு படத்தோடு உட்காருங்கள்

இணையத்தில் க்ளே என்று தேடினால் நூற்றுக்கணக்கான படங்கள் வந்து கொட்டும். அத்தனையையும் ஓட்டிப் பார்த்தால் எதுவுமே நிற்காது. முதலில் 'கீச்சிடும் இயந்திரம்' என்ற ஒன்றை மட்டும் எடுங்கள். 1922-ல் செய்தது, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அட்டையோடு சேர்த்துச் சுமார் 64 செ.மீ. உயரம், 48 செ.மீ. அகலம்.

ஒரு மெல்லிய கம்பி. அதன்மேல் குச்சிக் குச்சியாக நான்கு பறவைகள். கம்பியின் ஓரத்தில் கையால் சுற்றும் ஒரு பிடி. சுற்றினால் பறவைகள் கீச்சிடும் என்பதுதான் ஏற்பாடு. இப்போது வாய்களைக் கவனியுங்கள். ஒன்றிலிருந்து ஆச்சரியக்குறி மாதிரி ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. இன்னொன்றின் வாயில் அம்பு. வேறொன்றின் நாக்கு துவண்டு தொங்குகிறது. சத்தத்தின் உரத்த குரல், கீச்சுக் குரல், ஓய்ந்த குரல் எல்லாவற்றையும் காதுக்கு வேலை வைக்காமல் கண்ணுக்கே காட்டிவிடுகிறார். பின்னணியில் நீலமும் இளஞ்சிவப்பும் ஒன்றில் ஒன்று கரைகின்றன. விடியற்காலை என்றும் சொல்லலாம், புகைமூட்டம் என்றும் சொல்லலாம்.

முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று உறைக்கும். இந்தப் பறவைகள் பறக்க முடியாது, கம்பியோடு கம்பியாகப் பிணைந்திருக்கின்றன. யாரோ பிடியைச் சுற்றினால்தான் பாட்டு. கீழே தொட்டி மாதிரி ஒரு பள்ளம் வேறு. பறவையைப் பிடிக்கும் பொறியோ? க்ளே பதில் சொல்வதில்லை. அவருடைய குசும்பு பெரும்பாலும் இப்படித்தான், முதலில் இனிப்பாகவும் பிறகு லேசான கசப்பாகவும் இருக்கும். இந்தப் படத்துக்கும் பின்னால் ஒரு கசப்பு காத்திருந்தது. பெர்லின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்த இதை 1937-ல் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று பறிமுதல் செய்தார்கள். 1939-ல் விற்கப்பட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது.

கோட்டின் ஓரங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். பேனாக் கோடு போல் சுத்தமாக இருக்காது. பிசிறடித்து, ஆங்காங்கே கறுப்புத் திட்டு ஒட்டியிருக்கும். அது எப்படி வந்தது என்பது ஏழாவது படியில்.

படி 2: கல்மேசை, வயலின், சமையலறை

க்ளே பிறந்தது 1879 டிசம்பர் 18, பெர்ன் அருகே முன்ஷென்புக்ஸே என்ற ஊரில். அப்பா ஹான்ஸ், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இசை ஆசிரியர், ஜெர்மானியர். அம்மா ஈடா, பாட்டு பயின்றவர், சுவிஸ் நாட்டவர். அப்பாவின் குடியுரிமைதான் பிள்ளைக்கும் என்பது அன்றைய சட்டம். ஆகவே சுவிட்சர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர் வாழ்நாள் முழுக்க ஜெர்மன் குடிமகன். இது கடைசியில் அவரைப் படுத்தி எடுத்தது.

வீட்டில் எல்லோரும் அவர் வயலின்காரராகப் போகிறார் என்று நினைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பெர்ன் இசைக்குழுவில் உட்கார்ந்து வாசிக்கும் அளவுக்குத் திறமை. ஓவியத்துக்குப் போன பிறகும் வயலினை விடவில்லை. மோட்சார்ட், பாக் ஆகியோரின் இசை அவருடைய அன்றாடம். வண்ணங்களை அடுக்கும்போது அவர் இசைச் சொற்களைப் பயன்படுத்துவது அலங்காரத்துக்காக அல்ல, அவருக்கு அதுதான் தாய்வீடு.

நாட்குறிப்பில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். அவருடைய மாமா உணவகம் நடத்தினார். சுவிட்சர்லாந்திலேயே பருமனான மனிதர் என்று மருமகன் கிண்டலடிக்கும் உடம்பு. அந்தக் கடையின் மேசைகள் பளபளப்பான சலவைக்கல்லால் ஆனவை. ஒன்பது வயதுப் பையன் அந்தக் கல்லின் ரேகைகளுக்குள் கோணல்மாணலான மனித உருவங்களைக் கண்டுபிடித்து, பென்சிலால் பிடித்து வைத்தான். பிற்காலத்துக் க்ளே மொத்தமும் அந்த மேசைமேல் இருக்கிறது. பொருள் முதலில், உருவம் பிறகு.

இதற்கு ஒரு பயிற்சி. வீட்டில் மொசைக் தரையோ, மழை ஊறிய சுவரோ இருந்தால் போதும். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அதில் தெரியும் முகத்தையோ மிருகத்தையோ வரையுங்கள். இல்லாத கோட்டைச் சேர்க்கக் கூடாது. இருக்கும் கோட்டில் எதை விடுவது என்பதை மட்டுமே நீங்கள் முடிவு செய்யலாம். அந்த ஒரு விதி இல்லாவிட்டால் இது பயிற்சியே இல்லை.

மியூனிக்கில் முதலில் ஹைன்ரிஷ் க்னிரின் தனியார் பள்ளி, பிறகு கலைக்கழகத்தில் ஃப்ரான்ஸ் ஃபான் ஷ்டுக்கின் வகுப்பு. வண்ணம் மட்டும் கைவரவில்லை, அதை அவரே ஒப்புக்கொண்டார். வராத வண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு 1903 முதல் துத்தநாகத் தகட்டில் கோட்டோவியங்கள் பொறித்தார். அதில் ஒன்றின் தலைப்பு, 'இருவர் சந்திக்கிறார்கள், மற்றவர் தன்னைவிட உயர்ந்த பதவியில் இருப்பதாக ஒவ்வொருவரும் நினைத்தபடி'. இரண்டு பேரும் அம்மணம். உடுப்பு இல்லாததால் யார் பெரியவர் என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இருவரும் தரையைத் தொடுகிற மாதிரி குனிந்து கும்பிடு போடுகிறார்கள். அரசு அலுவலக வராந்தாவில் நின்று பழகிய நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

1906-ல் பியானோக் கலைஞரான லில்லி ஷ்டும்ஃபைக் கல்யாணம் செய்துகொண்டு மியூனிக்கில் குடியேறினார். லில்லி பியானோ சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். க்ளே வீட்டைப் பார்த்துக்கொண்டார். சமையல் அவருடையது. 1907-ல் பிறந்த மகன் ஃபீலிக்ஸை வளர்த்ததும் பெரும்பாலும் அவர்தான். பிள்ளைக்கு எப்போது பல் முளைத்தது, காய்ச்சல் எத்தனை டிகிரி, என்ன சொல் புதிதாகப் பேசினான் என்று தனிக் குறிப்பேடு வைத்திருந்தார். கணக்குப்பிள்ளை இங்கேயும் ஆஜர். சமையலறையே ஓவியக்கூடம், எனவே படங்கள் சிறியவை. இது என் ஊகம்தான், ஆனால் சாப்பாட்டு மேசையில் வேலை செய்கிறவருக்கு நீர்வண்ணமும் தாளும் ஒத்துவந்ததில் வியப்பில்லை. துடைத்தால் போய்விடும், மூலையில் ஒதுக்கி வைக்கலாம், அடுப்பில் குழம்பு கொதித்தால் எழுந்து போகலாம்.

ஃபீலிக்ஸுக்காக 1916 முதல் 1925 வரை சுமார் 50 கைப்பாவைகள் செய்தார். சுண்ணாம்புச் சாந்தில் தலை, பழந்துணியில் உடுப்பு, கிடைத்த எலும்பு, தீப்பெட்டி, மின்சாரச் சாமான். முப்பது மிஞ்சியிருக்கின்றன. ஓவியங்களைப் பார்த்து அலுத்தால் இவற்றைத் தேடிப் பாருங்கள்.

படி 3: டுனீசியாவில் பிடிபட்ட நிறம்

1912-ல் பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் ரொபேர் தெலோனேயைச் சந்தித்தார். பொருளைக் காட்டாமல் வண்ணக் கட்டங்களாலேயே படம் கட்டலாம் என்பது அங்கே கிடைத்த பொறி. பற்றிக்கொண்டது 1914 ஏப்ரலில். நண்பர்கள் ஆகுஸ்ட் மாக்கே, லூயி மொய்யே ஆகியோருடன் டுனீசியா போனார். டுனிஸ், ஹம்மாமெட், கைருவான். மொத்தம் இரண்டு வாரம்கூட இல்லை. கைருவானில் ஏப்ரல் 16 தேதியிட்டு எழுதிய வரி புகழ்பெற்றது. நிறம் என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது, நானும் நிறமும் ஒன்று, நான் ஓவியன் என்கிறார்.

இந்த வரியைக் கொஞ்சம் உப்புப் போட்டே சாப்பிட வேண்டும். நாட்குறிப்பைக் க்ளே பிற்பாடு உட்கார்ந்து திருத்திப் படியெடுத்தார், தன் கதையை அழகாகச் சொல்ல அவருக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்களின் நீர்வண்ணங்கள் பொய் சொல்லவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'மசூதியோடு ஹம்மாமெட்' படத்தைப் பாருங்கள். மேல்பாதியில் கோபுரம், கட்டடம் என்று ஊர் அடையாளம் தெரிகிறது. கீழே இறங்க இறங்க நிலம் வெறும் வண்ணக் கட்டங்களாகிவிடுகிறது. ஒரே தாளில் பழைய க்ளேயும் புதிய க்ளேயும்.

கூட வந்த மாக்கே அதே ஆண்டு செப்டம்பரில் போர்முனையில் இறந்தார். வயது 27.

படி 4: போர்க்காலக் குமாஸ்தா

1916 மார்ச்சில் நெருங்கிய நண்பர் ஓவியர் ஃப்ரான்ஸ் மார்க் பிரான்சின் வெர்டன் போர்முனையில் கொல்லப்பட்டார். சில நாட்களில் க்ளேவுக்குப் படை அழைப்பு வந்தது. அவர் போர்முனைக்குப் போகவில்லை. ஷ்லைஸ்ஹைம் விமானத் தளத்தில் விமானங்களுக்குச் சாயம் பூசினார். பிறகு கெர்ஸ்ட்ஹோஃபன் விமானப் பயிற்சிப் பள்ளியில் சம்பளப் பட்டுவாடா எழுதும் குமாஸ்தா. ஓய்வு நேரத்தில் வரைந்தார், விமானத்துக்குப் போர்த்தும் லினன் துணிகூட அவருக்குப் படத்துணியானது.

இந்தக் காலத்தில் 'இரவின் சாம்பல் நிறத்திலிருந்து ஒருமுறை எழுந்து' என்று தொடங்கும் ஒரு கவிதையை எடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கட்டத்துக்குள் போட்டு, அந்த எழுத்தின் கோடுகளே கட்டத்தைப் பிரிக்க, பிரிந்த ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நீர்வண்ணம் கொடுத்தார். 1918. வாசிக்கப் போனால் நிறம் தடுக்கும், நிறத்தைப் பார்க்கப் போனால் எழுத்து கூப்பிடும். நம் எழுத்தின் சுழிகளை வைத்து இதே பயிற்சியைச் செய்து பாருங்கள். ழ, ண, ஞ மூன்றும் நிறையத் துண்டுகள் கொடுக்கும்.

படி 5: பௌஹவுஸ் வாத்தியார்

1920-ல், பௌஹவுஸ் என்ற ஜெர்மன் கலை, வடிவமைப்புப் பள்ளியின் நிறுவனர் வால்டர் க்ரோப்பியுஸ் அழைத்தார். 1921 தொடக்கத்தில் வைமார் பௌஹவுஸில் பாடம் ஆரம்பம். பள்ளி டெஸாவுக்கு மாறியபோதும் கூடவே போனார், அங்கே இரட்டை வீட்டின் ஒரு பாதியில் க்ளே குடும்பம், மறுபாதியில் ஓவியர் காண்டின்ஸ்கியின் குடும்பம். பாடக் குறிப்புகள் சுமார் 3,900 பக்கம். உலவப் போகும் கோடு என்று அவர் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கடுத்த பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை. அந்த உலாவுக்குத் துணைக்கோடு எப்படிச் சேர்கிறது, புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கறாராக நடக்கும் கோடு எப்படி வேறுபடுகிறது, தராசு எப்போது சாய்கிறது என்று பொறியாளர் மாதிரி பிரித்துப் போட்டிருப்பார்.

நெசவுப் பிரிவு மாணவிகளுக்கு அவர்மேல் தனி பக்தி. 1929-ல் அவருடைய 50-வது பிறந்தநாளுக்கு ஒரு சிறு விமானத்தை அமர்த்தி, தேவதை உருவத்தில் கட்டிய பரிசு மூட்டையை அவர் வீட்டின் மேலிருந்து போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற ஆனி ஆல்பெர்ஸும் உண்டு.

நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியக் கீழைக் கலைச் சங்கம் நடத்திய கண்காட்சிக்கு பௌஹவுஸிலிருந்து படங்கள் வந்தன. காண்டின்ஸ்கி, ஃபைனிங்கர், இட்டன் ஆகியோருடன் க்ளேயின் நீர்வண்ணங்களும் அதில் இருந்தன. ஏற்பாட்டில் முக்கியப் பங்கு கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா க்ராம்ரிஷுடையது. கோயில் கலை படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த அதே க்ராம்ரிஷ்தான்.

படி 6: சர்ரியலிஸ்டா, இல்லையா?

இதை முடித்துவிட்டே கை வைக்கப் போகலாம். கனவையும் ஆழ்மனதையும் கலைக்கு ஊற்றாகக் கொண்ட இயக்கம் சர்ரியலிசம். 1924-ல் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் எழுதிய சர்ரியலிச அறிக்கையின் ஓர் அடிக்குறிப்பில் க்ளேயின் பெயர் வருகிறது. 1925 நவம்பரில் பாரிஸின் பியேர் காட்சியகத்தில் நடந்த முதல் சர்ரியலிச ஓவியக் கண்காட்சியில் அவர் படங்கள் தொங்கின. ஸ்பானிய ஓவியர் மிரோ தன் திருப்பத்துக்குக் க்ளேயை மனதாரக் காரணம் சொன்னவர்.

ஆனால் க்ளே அந்தக் குழுவில் சேரவில்லை, அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, அவர்கள் சச்சரவுகளில் தலையிடவும் இல்லை. அவர்கள் அறிவைத் தூங்கவைத்துவிட்டுக் கையை ஓடவிடச் சொன்னார்கள். க்ளே கையை ஓடவிடுவார், ஓடி முடித்ததும் அறிவை எழுப்பி, என்ன வந்திருக்கிறது என்று பார்த்து, பெயர் வைத்து, பதிவேட்டில் ஏற்றுவார். அவரை சர்ரியலிசத்தின் தாய்மாமன் என்று வைத்துக்கொள்வது சரியாக இருக்கும். சீர் உண்டு, ஒரே வீட்டில் குடித்தனம் கிடையாது.

படி 7: எண்ணெய்க் கோடு எடுப்பது

'கீச்சிடும் இயந்திரம்', 'ஏஞ்செலஸ் நோவஸ்' (புதிய தேவதை), 'மிருகமே, என் மென்பாட்டுக்கு ஆடு!' எல்லாமே இந்த முறையில் வந்தவை. 1919 வாக்கில் க்ளே தனக்கென்று உருவாக்கிக்கொண்டார். கார்பன் தாள் வைத்துப் படியெடுப்பது மாதிரிதான், அந்தக் கார்பன் தாளை நீங்களே எண்ணெய் வண்ணத்தில் செய்கிறீர்கள்.

ஏன் இவ்வளவு சுற்றி வர வேண்டும், நேரே பேனாவில் வரையலாமே? இரண்டு காரணம். எண்ணெய்க் கோடு காய்ந்துவிட்டால் மேலே எவ்வளவு நீர்வண்ணம் ஓடவிட்டாலும் கரையாது. இரண்டாவது, படியெடுக்கும்போது உள்ளங்கை அழுந்திய இடமெல்லாம் தானாகக் கறை விழும். கோடு உங்கள் கட்டுப்பாட்டில், கறை உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. மாமா கடைக் கல்மேசை மறுபடி வந்துவிட்டது பாருங்கள்.

தேவையானவை: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) நீர்வண்ணத் தாள் ஒன்று, டிரேசிங் தாள் இரண்டு, கறுப்பு எண்ணெய் வண்ணம் ஒரு சிறு ட்யூப், பழைய துணி, செய்தித்தாள், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா.

முதலில் வரைபடம். ஒரு டிரேசிங் தாளில் பென்சிலால் வரையுங்கள். நிழல் வேண்டாம், கோடு மட்டும். க்ளே பல சமயம் முன்பே வரைந்து வைத்திருந்த பேனாச் சித்திரங்களையே இதற்கு எடுத்துக்கொள்வார். எதை வரைவது என்று திகைத்தால் ஒரு உயிரையும் ஒரு கருவியையும் சேருங்கள், மிக்ஸியும் மைனாவும் என்கிற மாதிரி. இரண்டையும் ஒட்டவைக்காமல், எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பதை ஒரே கோட்டில் கொண்டுபோகப் பாருங்கள்.

அடுத்து கறுப்புத் தாள். எண்ணெய் வண்ணத்தைச் செய்தித்தாளில் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால் உபரி எண்ணெயைத் தாள் குடித்துவிடும். பிறகு அதை இரண்டாவது டிரேசிங் தாளின் ஒரு பக்கத்தில் துணியால் மிக மெல்லிசாகத் தேயுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் தாள் தெரிய வேண்டும். திட்டாகப் பூசினால் எல்லாம் பாழ். அப்படியே காயவிடுங்கள். எவ்வளவு நேரம் என்பதற்கு விரல்தான் கடிகாரம். லேசாகத் தொட்டால் ஒட்டக்கூடாது, நகத்தால் அழுத்தினால் ஒட்ட வேண்டும். கறுப்பு வண்ணம் பொதுவாகவே மெதுவாகத்தான் காயும், மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி சுருண்டு கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.

இனி அடுக்கு. அடியில் நீர்வண்ணத் தாள், அதன்மேல் கறுப்புப் பக்கம் கீழ்நோக்கியபடி இரண்டாவது தாள், எல்லாவற்றுக்கும் மேலே வரைபடம். மேல் ஓரத்தை மட்டும் டேப்பால் ஒட்டுங்கள். காலிப் பேனாவால் கோட்டின்மேல் போங்கள். ஒரே அழுத்தம் வேண்டாம். உருவத்தின் முழங்கால் வரும் இடத்தில் அழுத்தி, இறகு வரும் இடத்தில் லேசாக விடுங்கள். கோடு நிற்க வேண்டிய இடத்தில் பேனாவைச் சற்று நிறுத்தினால் முடிச்சு மாதிரி ஒரு புள்ளி விழும். க்ளே கோடுகளில் அந்த முடிச்சுகளை நிறையப் பார்க்கலாம்.

கையை எங்கே ஊன்றுவது என்பதுதான் இதில் நயம். முழுக்கத் தூக்கிப் பிடித்தால் கோடு வெறும் கம்பியாகிவிடும். முழுக்க ஊன்றினால் தாள் கரிப்பிடித்த தோசைக்கல் ஆகிவிடும். உருவத்தின் ஒரு பக்கம் மட்டும் கை படும்படி தாளைத் திருப்பி வைத்துக்கொள்வது நல்லது. கறை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் படத்துக்குத் தானாகவே ஒரு காற்று வந்துவிடும்.

இடையில் தூக்கிப் பார்க்காதீர்கள். முழுக்க முடித்த பிறகு ஒரே தடவை தூக்குங்கள். பிறகு சில நாட்கள் தொடாமல் காயவிட வேண்டும். காயாத எண்ணெயின்மேல் தண்ணீர் பட்டால் கோட்டின் ஓரத்தில் வண்ணம் ஒட்டாமல் வெள்ளையாக விலகும்.

படி 8: வண்ணத்தை அடுக்குவது

இரண்டே இரண்டு நிறம் எடுங்கள். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் நல்ல ஜோடி, எதிரெதிர் குணம், கலந்தால் அழகான சாம்பல். முதலில் தாளை ஈரப்படுத்தி இரண்டையும் இரு ஓரங்களிலிருந்து ஓடவிட்டு நடுவில் சந்திக்கவிடுங்கள். 'கீச்சிடும் இயந்திரம்' படத்தின் பின்னணி மூட்டத்துக்கு இந்த வழியில் பக்கத்தில் போகலாம். காயட்டும்.

அடுத்தது கணக்குப்பிள்ளையின் வேலை. 1921-ல் க்ளே ஒரு வரிசை நீர்வண்ணங்கள் செய்தார், 'சிவப்பில் ஃப்யூக்' அதில் ஒன்று. ஃப்யூக் என்பது ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் இசை வடிவம். ஒரே நிறத்தை மிக நீர்க்கக் கரைத்து, முதல் பூச்சில் வெளிச்சமான இடத்தை மட்டும் விட்டு மீதியை மூடுவார். காய்ந்ததும் இரண்டாம் பூச்சு, இன்னும் கொஞ்சம் இடத்தை விட்டுவிட்டு. இப்படியே அடுக்க அடுக்க, ஒரு உருவம் தன் நிழல்களை வரிசையாக இழுத்துக்கொண்டு இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நகரும். ஆறு பூச்சு போதும். ஒவ்வொரு பூச்சும் தேநீர் வடிகட்டிக் கழுவிய தண்ணீர் அளவுக்கு வெளிறியிருக்க வேண்டும், பொறுமை இழந்து நான்காவது பூச்சில் அடர்த்தியாகப் போட்டால் அதுவரை கட்டிய படிக்கட்டு சரிந்துவிடும்.

வேறு சில வழிகளும் அவரிடம் உண்டு. 1920-களின் நடுவில் தூரிகையால் வண்ணத்தைத் தெறிக்கவிட்டு மூட்டம் போட்டார். பழைய பல் துலக்கும் பிரஷ் இருந்தால் நீங்களும் செய்யலாம், பாதுகாக்க வேண்டிய இடத்தைத் தாள் வெட்டி மூடிக்கொள்ளுங்கள்.

படி 9: வெட்டு, ஒட்டு, பெயர், எண்

பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். க்ளேக்கு இது படத்தின் பாதி. படம் பிடிக்காவிட்டால் தூக்கிப்போட மாட்டார், கத்தரி எடுப்பார். ஒரு தாள் இரண்டு படமாகும், தலைகீழாகும், ஓரத்துண்டு தனிப் படைப்பாகும். உங்கள் படத்தின்மேல் இரண்டு ட வடிவ அட்டைகளைச் சதுரமாக நகர்த்திப் பாருங்கள், உள்ளே ஒரு நல்ல படம் ஒளிந்திருக்கலாம்.

பிறகு அட்டையில் ஒட்டி, கீழே ஒரு கோடு இழுத்து, அதன்மேல் ஆண்டு, எண், தலைப்பு. 'கீச்சிடும் இயந்திரம்' அவர் கணக்கில் 1922, 151. தலைப்பை அவர் பெரும்பாலும் படம் முடிந்த பிறகே வைத்தார். அதுவே கடைசிக் கோடு மாதிரி வேலை செய்யும். தலைப்பு படத்தில் இருப்பதை விவரிக்கக் கூடாது, கொஞ்சம் தள்ளி நின்று கிள்ள வேண்டும். மிக்ஸி மைனாவுக்கு 'மிக்ஸி மைனா' என்று வைத்தால் ஒன்றும் நடக்காது. 'சட்னிக்கு முந்திய பாட்டு' என்று வைத்துப் பாருங்கள்.

படி 10: கடைசி ஏழு வருடங்கள்

1931-ல் க்ளே டூஸெல்டார்ஃப் கலைக்கழகத்துக்கு மாறினார். 1933-ல் நாஜிகள் வந்தார்கள். வீட்டில் சோதனை போட்டார்கள். அவர் யூதர் என்று பத்திரிகை எழுதியது. அவர் யூதர் இல்லை, ஆனால் அப்படிச் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது கேவலம் என்று மனைவிக்கு எழுதினார். ஏப்ரலில் வேலை போனது. அந்த ஆண்டு வரைந்த ஒரு முகத்தின் தலையில் பெரிய பெருக்கல் குறி. தலைப்பு, 'பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டவன்'. டிசம்பரில் பெர்ன் திரும்பினார். 1937-ல் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 102 படைப்புகள் பறிமுதலாகின, 17 படைப்புகள் மியூனிக்கின் 'சீரழிந்த கலை' கண்காட்சியில் கேலிக்கு வைக்கப்பட்டன.

1935-ல் உடல்நிலை கெட்டது. தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிக்கொண்டே போகும் ஸ்க்ளெரோடெர்மா என்பது இறப்புக்குப் பிறகே கணிக்கப்பட்டது. 1936-ல் பதிவேட்டில் 25 படைப்புகள்தான். 1939-ல் 1,253. நோயாளி ஒருவர் சராசரியாக நாளுக்கு மூன்றுக்கும் மேல். கோடு தடித்துவிட்டது, மெல்லிய கம்பி போய்க் கறுப்புத் தடி வந்துவிட்டது. ஆனாலும் குசும்பு போகவில்லை. 1939-ன் 'மறதிக்காரத் தேவதை' கைகளைக் கோத்துக்கொண்டு, எதற்கு வந்தோம் என்று மறந்துபோன புது மருமகள் மாதிரி கூச்சத்தோடு தலை சாய்த்திருக்கிறது. 'சாவும் நெருப்பும்' (1940) படத்தில் வெண்முகத்தின் கண், மூக்கு, வாய் எல்லாம் சாவு என்ற ஜெர்மன் சொல்லின் எழுத்துகளாலேயே ஆனவை. 1918-ல் எழுத்துகளுக்கு வண்ணம் கொடுத்த கைதான்.

அந்த மறதிக்காரத் தேவதையோடு 1920-ன் 'ஏஞ்செலஸ் நோவஸ்' படத்தையும் வைத்துப் பாருங்கள். அதை 1921-ல் மியூனிக்கில் வாங்கியவர் ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின். அகலக் கண்ணோடு, திறந்த வாயோடு நிற்கும் அந்த உருவத்தை 1940-ல் வரலாற்றின் தேவதை என்றார் அவர். புயல் அதைப் பின்புறமாக எதிர்காலத்துக்குள் தள்ளுகிறது, அதன் கண்முன்னே இடிபாடுகள் குவிகின்றன. இந்த வாசிப்பு எவ்வளவு பெரியது என்றால், இன்று படத்தைப் பெஞ்சமின் இல்லாமல் பார்க்கவே முடியவில்லை. முடிந்தால் ஒருமுறை முயலுங்கள். சுருட்டைக் காகிதத் தலைமுடி, கோழிக்கால், கொஞ்சம் தேய்ந்த பற்கள். எனக்கு அதில் பேரழிவைவிட முதல்முறை மேடையேறிய பையனின் பதற்றம்தான் முதலில் தெரிகிறது.

சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அது முடிவாகும் முன்பே, 1940 ஜூன் 29 அன்று, லொக்கார்னோ அருகே முரால்ட்டோவில் இறந்தார்.

நேரில் பார்க்க விரும்பினால்

அதிகம் இருப்பது பெர்னில். ரென்ஸோ பியானோ வடிவமைத்து 2005-ல் திறந்த பால் க்ளே மையத்தில் சுமார் 4,000 படைப்புகள், கைப்பாவைகளும் பாடக் குறிப்புகளும் அங்கேதான். பெர்ன் கலை அருங்காட்சியகத்தில் 'பர்னாஸஸை நோக்கி', பாசெலில் 'செனேசியோ', நியூயார்க்கில் மூன்று பெரிய அருங்காட்சியகங்களிலும் கொஞ்சம் கொஞ்சம், 'ஏஞ்செலஸ் நோவஸ்' ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நீர்வண்ணம் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் தாள் ஓவியங்களை எந்த அருங்காட்சியகமும் நிரந்தரமாகத் தொங்கவிடுவதில்லை, சில மாதம் காட்டிவிட்டு இருட்டறைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விமான டிக்கெட் போடும் முன் அந்தப் படம் இப்போது காட்சியில் இருக்கிறதா என்று இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் படத்துக்கும் இதே விதிதான், ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம்.